குமிழி உறையும் நேரம்

நிலையாமையைச் சொல்ல வந்த நம் புலவர்களுக்கு எளிதிற் கிடைத்த பொருள் நீர்க்குமிழி. நாலடியார், யாக்கை நிலையாமையைப் பேசுமிடத்தில், மழைநீரில் தோன்றித் தோன்றி மறையும் குமிழியை மனித உடம்புக்கு உவமையாக்குகிறது. அங்கே அதற்கு வழங்கும் பெயர் மொக்குள். குறுந்தொகையில் ஒரு புலவருடைய இயற்பெயர் என்னவென்றே நமக்குத் தெரியாது. பாறையில் மோதி மெல்ல மெல்ல இல்லாமற் போகும் நுரையைக் காதல் துயருக்கு உவமை சொன்னதால் கல்பொரு சிறுநுரையார் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் முப்பது வருடம் வகுப்பறையில் படிப்பித்தவள் நான். குமிழி என்றால் உடையும், அதில் மறுபேச்சுக்கு இடமில்லை என்றே நானும் எண்ணியிருந்தேன். அண்மையில் ஒரு தை மாதம் ரொறன்ரோவில் மகள் வீட்டுப் பின்வளவில் உடையாத குமிழி ஒன்றைக் கண்டேன். அது எப்படி உடையாமல் நின்றது என்பதையும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வேளையில் என் மனத்தை உறுத்திய ஒரு பழைய சங்கதியையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.

முதலில் ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் வடமராட்சியில், கரவெட்டியில் பிறந்து வளர்ந்தவள். மார்கழி பிறந்தால் திருவெம்பாவைக்காக விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்கும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பனி கொட்டுகிறது என்போம். புல்நுனியில் நீர்த்துளி நிற்கும், கூரைத் தகரத்திலிருந்து சொட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனால் இவ்வளவு ஆரவாரம் செய்யும் எங்கள் குளிரில் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. நீர் உறைவதற்கு அது பூச்சியத்துக்கு வரவேண்டும். எங்கள் பனி, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து துளியாவதுதான்.

இலங்கையிலேயே நீர் உறைவதைக் காணவேண்டுமானால் நுவரெலியாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே தை, மாசி மாதங்களில், மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில், நிலமும் புல்லும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து போகின்றன. விடியும்போது புல்லின்மேல் வெள்ளை படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும். மலையகத்துத் தோட்டத் தொழிலாளருக்குப் பனி என்ற சொல்லில் ஒரு நட்டமும் சேர்ந்தே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உறைதல் என்றால் என்னவென்று காட்ட ஒரேயொரு பொருள்தான் உண்டு. அது தேங்காயெண்ணெய்ப் போத்தல். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். மார்கழி விடியலில் போத்தலின் அடியிலும் ஓரத்திலும் வெண்மை படர்ந்திருக்கும். தலைக்கு வைக்க எண்ணெய் வராது. அம்மா போத்தலை வெயிலில் வைப்பார். அந்த வெண்மை போத்தல் முழுவதும் ஒரே கணத்தில் வருவதில்லை. ஓரிடத்தில் தொடங்கி அங்கிருந்து பரவும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் நான் கண்டதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது இந்த எண்ணெய்ப் போத்தல்தான்.

இனிக் குமிழிக்கு வருவோம். குமிழி ஊதுவதற்கு எங்கள் காலத்துப் பிள்ளைகள் கடைக்குப் போனதில்லை. பேணியில் சவர்க்காரத்தைக் கரைத்து, பப்பாசி இலைக்காம்பைக் குழலாக்கி ஊதுவோம். அதுவும் இல்லையென்றால் வேலியோரத்து ஆதாளை இருக்கிறது. காட்டாமணக்கு என்றும் சொல்லுவார்கள். அதன் இலைக்காம்பை முறித்தால் முறிந்த வாயில் பால் திரளும். ஈர்க்கைச் சிறு வளையமாக மடித்து அந்தப் பாலைத் தொட்டெடுத்து மெதுவாக ஊதினால் குமிழிகள் பறக்கும். சட்டையில் பட்டால் கறை போகாது. அதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

ஆதாளைப் பால் ஏன் குமிழி விடுகிறது? சவர்க்காரத்தைப் போல நுரைக்கும் தன்மையுள்ள சப்போனின் என்ற பொருட்கள் பல தாவரங்களில் உண்டு. சீயாக்காயில் நுரை வருவதும் அதனால்தான். நம் பனம்பழத்திலும் அது இருக்கிறது. பனங்களியின் கைப்புக்குக் காரணமான பொருளைப் பிளபெலிபெரின் என்பார்கள். பனையின் விஞ்ஞானப் பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அதுவும் ஒருவகைச் சப்போனினே. முன்னோர் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது அறியாமையால் அல்ல.

அந்தப் பழைய வழக்கத்துக்கு நாங்களும் திரும்ப வேண்டி வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டில் மின்சாரமில்லை. மண்ணெண்ணெயும் மருந்தும் போலச் சவர்க்காரமும் அருமைப் பொருளாயிற்று. கிடைத்தாலும் விலை எட்டாது. பனம்பழக் காலத்தில் பழத்தைப் பிசைந்து தோய்த்தோம். கொடியில் காயும் சேலையை மாடு வந்து சப்பும் என்பதால் அதற்கும் காவலிருக்க வேண்டும்.

1991இல் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தேன். தாவாரத்தில் என் மகள் பேணியும் பப்பாசிக் காம்புமாக இருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு மாதத்துக்கென்று துண்டு துண்டாக வெட்டி ஒளித்து வைத்திருந்த சவர்க்காரத்தில் ஒரு துண்டு பேணிக்குள் கரைந்து போயிருந்தது. முற்றம் முழுவதும் குமிழிகள். அவள் என்னைக் கண்டதும், அம்மா பாருங்கோ என்று சிரித்தாள். நான் அடித்தேன். ஒரு அடியோடு நிறுத்தவுமில்லை. அவள் அழுதுகொண்டு என் தாயாரிடம் ஓடினாள். நான் பேணியிலிருந்த தண்ணீரை வீணாக்காமல் பழைய துணிகளைத் தோய்த்தேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எத்தனையோ பெரிய இழப்புகளைக் கண்ட ஊரில் ஒரு பிள்ளைக்கு விழுந்த அடி ஒரு பொருட்டா? ஆனால் எனக்கு அது போகவில்லை.

ரொறன்ரோவில் என் பேத்திக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம், கடும் குளிரில் ஊதினால் குமிழி உறையும் என்று. முதல் நாள் நாங்கள் வெளியே போனபோது பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை. நம் பள்ளிக்கூடக் கணக்கில் சய 6. எனக்கு அதுவே உலகம் முடிந்த குளிர். ஆனால் காற்று வீசியது. ஊதிய குமிழியெல்லாம் வேலிக்கு மேலால் போய் உடைந்தது. பேத்தி முகம் வாடியது. அடுத்த வாரம் ஒரு காலையில் சய 17. காற்று அசையவில்லை.

“அம்மா, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கோ, கால் விறைச்சுப் போகும்” என்றாள் மகள். குமிழித் தண்ணீரை அவளே கலந்து தந்தாள். ஒரு கோப்பை நீருக்கு மூன்று மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், அதேயளவு சோளப்பாகு, சிறிது சீனி. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முன்னரே குளிர்வித்திருந்தாள். போத்தலிலிருந்து தாராளமாக அவள் அந்தத் திரவத்தை ஊற்றியபோது நான் வேறுபக்கம் பார்த்தேன்.

பேத்தி உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதி, குமிழியை வெண்பனியின் மேல் இறக்கிவைத்தாள். “அம்மம்மா, கிட்ட வந்து பாருங்கோ. மூச்சு விடாதேங்கோ.” நான் குனிந்தேன். முதலில் வழமையான நிறங்கள் ஓடின. பிறகு அடியில், பனியைத் தொட்ட இடத்தில், வெண்மையான விளிம்பு ஒன்று எழுந்தது. அடுத்த கணம் குமிழி முழுவதும் இறகு இறகாகச் சிறிய பளிங்குகள் மிதந்து சுழன்றன. ஒவ்வொன்றும் வளர்ந்து பக்கத்திலிருந்ததைத் தொட்டது. நான் பத்து எண்ணி முடிக்குமுன் நிறங்கள் மறைந்து, கோலம் போட்ட வெள்ளை உருண்டை ஒன்று அங்கே இருந்தது. பேத்தி விரலால் தொட்டாள். முட்டைக்கோது போல ஓரிடம் உள்ளே விழுந்தது. மிச்சம் அப்படியே நின்றது.

இப்போது அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் நடந்ததைப் பார்ப்போம். குமிழியின் சுவர் என்பது இரண்டு சவர்க்காரப் படைகளுக்கு நடுவே சிறைப்பட்ட நீர். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். அதனால் அவை நீரின் மேற்பரப்பில் தலையை நீருக்குள்ளும் வாலைக் காற்றுக்குள்ளும் நீட்டி அணிவகுத்து நிற்கின்றன. சுவரின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. தலைமயிர் அதைவிடப் பல பத்து மடங்கு தடிப்பானது. 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குமிழி ஒன்றில் உள்ள நீரை நிறுத்தால் ஏறத்தாழ 5 மில்லிகிராம் வரும். ஒரு துளி நீரின் பத்திலொன்று. அவ்வளவுதான் அதன் சொத்து.

சவர்க்காரம் நீருக்குப் பலம் கொடுக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. அது நீரின் மேற்பரப்பு இழுவிசையை ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைத்துவிடுகிறது. சுத்தமான நீர் தன்னை இறுக்கி இறுக்கித் துளியாகிவிடும். சவர்க்காரம் சேர்ந்ததும் அந்த இறுக்கம் தளர்ந்து நீர் விரிய இடம் கொடுக்கிறது. சுவரில் ஓரிடம் மெலிந்தால் அங்கே சவர்க்காரம் ஐதாகி இழுவிசை கூடும். அந்த இடம் சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுத்து மெலிவைச் சரிசெய்துகொள்ளும். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நீர் ஓடும் இந்த ஓட்டத்தை மறந்துவிடாதீர்கள்.

நிறங்கள் பிறப்பது சுவரின் இரு பக்கங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால். தடிப்பு மாற நிறமும் மாறும். நியூட்டன் குமிழியைக் காற்றுப் படாமல் கண்ணாடியால் மூடிவைத்து, அதன் நிறங்கள் வளையம் வளையமாக இறங்குவதையும், உச்சி மெலிந்து கறுப்பாவதையும் பார்த்து, 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் எழுதினார்.

உறைதலுக்கு இரண்டு தேவை. ஒன்று குளிர், மற்றது தொடக்கம். நீர் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் பளிங்கு தொடங்க ஒரு வித்துக் கிடைக்காவிட்டால் திரவமாகவே இருக்கக்கூடும். பேத்தி குமிழியைப் பனியின் மேல் வைத்ததும் வித்துக் கிடைத்துவிட்டது. எண்ணெய்ப் போத்தலின் அடியில் வெண்மை தொடங்குவது போலக் குமிழியின் அடியில் பனிக்கட்டி தொடங்கியது.

இங்கேதான் வியப்பு. நீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு கிராம் நீர் உறைய 80 கலோரி வெப்பத்தை விடவேண்டும். ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. ஆகவே உறைந்துகொண்டிருக்கும் விளிம்பு, குமிழியின் மற்றப் பகுதிகளைவிடச் சூடாக இருக்கிறது. சூடான நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவு, குளிர்ந்த நீரினது அதிகம். முன்னர் சொன்ன ஓட்டம் தொடங்குகிறது. விளிம்பிலிருந்து மேல்நோக்கி நீர் பாய்ந்து, போகிற வேகத்தில் சிறு பனிப் பளிங்குகளைப் பிய்த்து எடுத்துச் செல்கிறது. அவை போய்ச் சேர்ந்த இடமெல்லாம் புதிய வித்துகளாகி வளர்கின்றன. ஒரு திசையிலிருந்து மட்டுமல்லாமல் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் குமிழி உறைந்துவிடுகிறது. நான் கண்ட சுழலும் இறகுகள் அவைதாம். 2019இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனதன் பொரெய்கோவும் பர்சாத் அகமதியும் அவர்களது குழுவினரும் இதை ஆராய்ந்து நேச்சர் கொமியூனிக்கேசன்ஸ் இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். பனிக்கட்டியின் மேல் குமிழியை வைத்து, சுற்றியுள்ள காற்றை மட்டும் அறை வெப்பத்தில் விட்டால், அடியிலிருந்து ஏறும் உறைவு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அத்தனை மெல்லிய சுவர் வழியே கீழிருந்து குளிர் மேலே ஏறமுடிவதில்லை. அரைக்குமிழி பனிக்கட்டி, அரைக்குமிழி நீர் என்று கொஞ்ச நேரம் நின்று பின் அது சரிந்துவிடும். அடியில் மட்டும் குளிர் இருந்தால் போதாது, சூழலும் குளிர்ந்திருக்க வேண்டும்.

முதல் நாள் நாங்கள் தோற்றதற்குக் காரணமும் இப்போது விளங்கும். காற்று குமிழியை அலைக்கழித்தது. சுவர் மெலிந்தும் நீர் ஆவியாகியும் போவதற்குமுன் உறைவு முந்திக்கொள்ள வேண்டும், சய 6இல் அதற்கு நேரம் போதவில்லை. சோளப்பாகும் சீனியும் நீரைத் தடிப்பாக்கி வடிவதையும் ஆவியாவதையும் தாமதிக்கச் செய்கின்றன. மெதுவாக ஊதுவதும் அவசியம். நம் மூச்சு சூடானது. அது குளிர்ந்து சுருங்கும்போது குமிழியும் சுருங்கும், உறைந்த சுவராயின் நெளியும். உறைந்த குமிழிகள் சில பக்கம் அமுங்கிக் காணப்படுவது இதனாலாகலாம்.

இந்த மேற்பரப்பு விசையைப் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் ஒரு வீட்டுப் பெண் என்பதை அறிந்தபோது எனக்குத் தனியான மகிழ்ச்சி. ஜேர்மனியின் பிரவுன்ஸ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னெஸ் பொக்கெல்ஸ் 1862இல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். சமையலறையில் பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் அழுக்கும் செய்யும் மாற்றங்களைக் கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றைச் செய்து நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். தான் கண்டதையெல்லாம் 1891இல் இங்கிலாந்தின் றேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். றேலி அதை நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பி, அதே ஆண்டில் அச்சேறச் செய்தார். கழுவு தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் வேலையும் வேலைதான் என்று ஏற்றுக்கொண்ட அந்தப் பெரிய மனிதரையும் நாம் மதிக்கவேண்டும்.

அன்று மாலை மகள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் துடைத்து வைத்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. “அண்டைக்கு ஒரு துண்டுச் சவர்க்காரத்துக்காக உனக்கு அடிச்சனான், ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “இருக்கு அம்மா. நல்லாவே நொந்தது” என்றாள். சற்றுப் பொறுத்து, “பிறகு அம்மம்மா என்னை வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆதாளை முறிச்சுத் தந்தவ. அதுவும் ஞாபகம் இருக்கு. உங்களுக்குத் தெரியாது” என்றாள்.

எனக்குத் தெரியாதுதான். உள்ளே துணி தோய்த்துக்கொண்டிருந்த எனக்கு வேலியடியில் என் தாயார் செய்தது தெரியாது. தாயார் இப்போது இல்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மகள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, “நாளைக்கும் சய 15ஆம், இன்னும் கொஞ்சம் கலந்து வைக்கட்டோ?” என்று கேட்டாள். கலந்து வை என்றேன். இம்முறை அவள் போத்தலைச் சரித்தபோது நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேயர்களே, ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் மார்கழியில் வளவின் மூலையில் நின்ற ஆதாளையை முறித்து, ஈர்க்கு வளையத்தால் ஊதி, அதைப் படம்பிடித்துப் பேத்திக்கு அனுப்பினேன். “அம்மம்மா, அது உறையாதோ?” என்று கேட்டாள். “இங்கே உறையாது பிள்ளை, இங்கே எண்ணெய்தான் உறையும்” என்று போத்தலையும் படம்பிடித்து அனுப்பினேன். அவளுக்கு அதுதான் பெரிய புதினமாகப் போய்விட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டையும் காட்டுங்கள். ஆதாளைப் பால் வாயிலோ கண்ணிலோ படக்கூடாது, அதன் விதை நஞ்சு, விளையாடி முடிந்ததும் கையைக் கழுவவேண்டும் என்று சொல்லிவையுங்கள். அவர்கள் ஒரு துண்டுச் சவர்க்காரத்தைப் பேணியில் கரைத்துவிட்டால், கையை ஓங்குமுன் முற்றத்தை ஒருமுறை பாருங்கள்.